வானம்பாடி வயல்

ஆஷ்கோம் ஊர்க்கூடத்தில் ரூபர்ட் மேஜையைக் குத்தினான்.

“ஊரைச் சுத்தி புதுசா முந்நூறு வீடு கட்டப் போறாங்களாம்! கண்டவனெல்லாம் குடியேறினா இது ஊரா, சந்தைக்கடையா? வயலை அழிச்சுக் கட்டின வீட்டுல மானமுள்ளவன் எவனாவது குடியிருப்பானா?”

கைதட்டல் கூரையைப் பிளந்தது. அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த கிழவி மேவிஸுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கேக் துண்டை வாயில் திணித்து அடக்கிக்கொண்டாள்.

“மேவிஸ், நாளைக்கு ஊர்வலம். உங்ககிட்ட பழைய போராட்டப் பலகை ஏதாவது இருக்கா?” என்று கேட்டான் ரூபர்ட்.

“கையோட கொண்டாந்திருக்கேன்.”

ரூபர்ட் வாங்கிப் படித்தான்: ‘வானம்பாடி வயலில் வீடு கட்டாதே!’

“வானம்பாடி வயலா? இந்த ஊர்ல அப்படி ஒரு வயலே இல்லையே?”

“இருந்துச்சு. இப்ப உங்க வீடு நிக்குதே, அங்கதான்” என்றாள் மேவிஸ். “நாளைக்கு நல்லா உசத்திப் பிடிங்க.”