இடது முழங்கை

“உன்னைப் பத்திச் சொல்லும்மா. இங்கிலீஷ்லயே சொல்லு,” என்றார் இன்டர்வியூ மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த கண்ணாடி போட்ட அம்மாள்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“மை...”

இடது முழங்கைக்கு மேலே சுள்ளென்று ஒரு கிள்ளு.

வாய் தானாக மூடிக்கொண்டது.

திரும்பிப் பார்த்தாள். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

அக்காவின் கிள்ளு. சதையைப் பிடித்து, ஒரு திருகு திருகி விடுவது அவளுக்கு மட்டுமே கைவந்த கலை.

வெங்காயம் உரிக்கும்போது, துணி உலர்த்தும்போது, அக்கா திடீரென்று மேனேஜர் ஆகிவிடுவாள். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு கேள்வி கேட்பாள். இவள் வாயைத் திறந்தால் முதலில் மைசெல்ஃப்தான் வந்து விழும். ஊரே அப்படித்தான் சொல்கிறது, இவளைச் சொல்லி என்ன பயன்?

“மைசெல்ஃபுன்னு ஆரம்பிச்சே, கிள்ளுதான். ஐயாம்னு சொல்லுடி. மொத வார்த்தையிலேயே முடிவு பண்ணிடுவாங்க.”

ஆடி மாதம் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன அக்கா உயிரோடு திரும்பவில்லை.

அவள் கடைசியாகக் கிள்ளிய இடம் கன்றிப்போய்க் கொஞ்ச நாள் இருந்தது. அது மறைந்த அன்றுதான் இவள் வாய்விட்டு அழுதாள்.

“என்னம்மா, தண்ணி வேணுமா?”

“ஐயாம் பூவிழி,” என்றாள்.

மிச்சமெல்லாம் தடங்கலில்லாமல் வந்தது. படிப்பு. பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டிய வேலை. இந்த ஓட்டலின் வரவேற்பில் நிற்க ஏன் ஆசை என்பது. இது கிடைக்காவிட்டால் மறுபடியும் பனியன் கம்பெனிதான். அதை மட்டும் சொல்லவில்லை.

அம்மாள் முகத்தில் சிரிப்பு வந்தது. அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவரும் தலையாட்டினார்.

பேசப் பேச முழங்கையில் வலி குறைந்துகொண்டே வந்தது. அவளுக்கு அதுதான் பயமாக இருந்தது.

கதவு திறந்தது. ஓட்டல் முதலாளி உள்ளே வந்தார். எல்லோரும் எழுந்து உட்கார்ந்தார்கள்.

“நல்லா பேசறா சார். சாருக்கு ஒரு தடவை சொல்லிடும்மா, முதல்லேர்ந்து. சார் சரின்னா நாளைக்கே வந்து சேர்ந்துக்கலாம்.”

அவள் முழங்கையைத் தடவிப் பார்த்தாள். ஒன்றுமே இல்லை.

எப்படி ஆரம்பிக்க வேண்டும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

இடது கையை மடியிலிருந்து எடுத்தாள். காலி நாற்காலியின் பக்கம் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

“மைசெல்ஃப்...” என்றாள்.

காத்திருந்தாள்.