முப்பதுக்கு முப்பது

"இப்பவே தலையில வைக்காதே அசுந்தா. முடியறதுக்கு முன்னாடி வச்சா ஆகாது!" என்று தொனாத்தோ மனைவியை அதட்டினார். பட்டம் வாங்கியவர் தலையில் சூட்டும் லாரல் இலைக் கிரீடத்தை அசுந்தா மறுபடி பைக்குள் வைத்தாள்.

மகன் எலியோவுக்கு இன்று பட்டம் என்று ஊரில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டு, எண்ணெய் ஆலையைப் பூட்டிவிட்டு, இருவரும் மலையிறங்கி பாரி நகரத்துப் பல்கலைக்கழகத்துக்கு வந்திருந்தார்கள். தொனாத்தோ நகரசபைத் தேர்தலில் மூன்று முறை நின்று மூன்று முறையும் தோற்றவர். பேசாமல் போன மேடைப் பேச்சுகள் இன்னும் தொண்டையில் மிச்சமிருந்தன.

"எங்க குடும்பத்துல முதல் தொத்தோரே!" என்று தாழ்வாரத்துக்கே அறிவித்தார். பட்டம் வாங்கிய எவனுக்கும் அங்கே அதுதான் பெயர்.

சுவரோரம் அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாகச் சில பிள்ளைகள் முணுமுணுத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். "பட்டம் வாங்க வர்ற லட்சணமா இது? ஒருத்தன் வீட்டுலேருந்தாவது ஆள் வந்திருக்காங்களா பாரு!"

"மெதுவாப்பா," என்றான் எலியோ. புதுக் கோட்டின் பொத்தானைப் போட்டுப் போட்டுக் கழற்றினான். "முடிஞ்சதும் நேரா வெளியே போயிடலாம். போட்டோ எல்லாம் கடற்கரையில எடுத்துக்கலாம். பேராசிரியர்கிட்ட யாரும் பேசவேண்டாம், அவருக்குப் பிடிக்காது."

"அட, பயந்தாங்கொள்ளி! உங்கப்பன் எத்தனை மேடை பார்த்தவன்!"

"இது மட்டும் தப்பாப் போச்சுன்னா, நான் ஊருக்குள்ள தலைகாட்ட முடியாதுப்பா."

இந்த வாய்மொழித் தேர்வு முடிந்தால் பட்டம் என்று எலியோ வீட்டில் சொல்லியிருந்தான். அதை யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கலாம். தொனாத்தோ முன்வரிசையைப் பிடித்தார்.

பேச்சுத் திறனுக்கு மதிப்பெண் போடுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது பேராசிரியர் பிசானியின் பணிவான கருத்து. குரலுக்கு இவ்வளவு, கைக்கு இவ்வளவு, கண்ணுக்கு இவ்வளவு என்று பிரித்து வைத்திருந்தார். சொல்லும் விஷயத்துக்கு எவ்வளவு என்று கேட்பவர்களை அவருக்குப் பிடிக்காது.

எலியோ எழுந்தான். வறண்ட ஊர்களுக்குத் தண்ணீர் வந்த கதையைக் கையில் துண்டுக் காகிதம்கூட இல்லாமல் சொன்னான். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினான். பார்க்க வேண்டிய கண்ணைப் பார்த்தான். பயம் போன இடம் தெரியவில்லை. தண்ணீர் வந்து சேருவதற்குள் அசுந்தாவின் கைக்குட்டை நனைந்துவிட்டது.

"சபாஷ்!" என்றார் பிசானி. "இப்படிப் பேச எங்கே தம்பி கத்துக்கிட்டே?"

"வீட்டுலதான் சார். ஞாயித்துக்கிழமை சாப்பாட்டு மேஜையில. அந்த வாரம் என்ன படிச்சேன்னு அப்பா கேட்பார். எழுந்து நின்னு சொல்லணும்."

"எத்தனை நாளா?"

"ஏழு வருஷமா சார். ஒரு வாரம்கூட விட்டதில்லை."

தொனாத்தோ எழுந்து, பின்வரிசைகள் தன்னை நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று மெல்லத் திரும்பினார்.

"முப்பதுக்கு முப்பது!" என்ற பிசானி, "கூடவே சிறப்புப் பாராட்டும்!" என்று கம்ப்யூட்டரில் ஏற்றத் தொடங்கினார்.

அசுந்தா கிரீடத்தை மகன் தலையில் சூட்டினாள். பட்டம் வாங்கினால் வழங்கும் சிவப்புச் சர்க்கரை பூசிய பாதாம்கள் பறந்தன. அரைக்கால் சட்டைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"போலாம்மா. அப்பா, வாங்க, போலாம்," என்று எலியோ தாயின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தான். திரும்பிப் பார்த்தபோது தொனாத்தோ பேராசிரியரின் மேஜைக்குப் போய்ச் சேர்ந்திருந்தார்.

"ஐயா, இந்த நாளுக்காக ஏழு வருஷம் காத்திருந்தோம். ராத்திரி ஊரே கூடுற விருந்து. என்னைத் தோற்கடிச்ச மேயரே வர்றார்னா பாத்துக்குங்க! நீங்களும் வந்து இவனைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசணும்."

"அப்பா..." என்றான் எலியோ. தாயின் கையை விட்டுவிட்டு மேஜையை நோக்கி ஓடிவந்தான்.

பிசானி திரையிலிருந்த எலியோவின் மதிப்பெண் பட்டியலிலிருந்து கண்ணை எடுத்து, பையனின் தலையிலிருந்த கிரீடத்தைப் பார்த்து, வாய்விட்டுச் சிரித்தார்.

"முதல் பரீட்சை பாஸானதுக்கே விருந்தா சார்?"