மஞ்சள் விளக்குகள்

“அங்க மழையா?”

“இல்ல, மூடுபனி.”

“சரி, பார்த்து இரு.”

மூன்று வருடங்களாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தையல்காரரும் அவர் மனைவியும் போனில் பேசிக்கொண்டது இவ்வளவுதான். மலை உச்சியில் இருந்த வானிலை நிலையத்துக்கு அவளுக்கு மாற்றல் வந்தபோது, “போகட்டுமா?” என்று கேட்டாள். “உன் இஷ்டம்” என்றார் வீம்பாக. அன்றே கேட்டிருக்க வேண்டிய ஒன்று அவர் தொண்டையிலேயே தங்கிவிட்டது.

“இந்தத் தடவை அவளைக் கையோட கூட்டிட்டு வா. இல்லேன்னா நீயும் வராதே” என்று அவருடைய அக்கா கறாராகச் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

பாதி மலையில் பஸ் நின்றுவிட்டது. ஜன்னலுக்கு வெளியே உலகத்தையே காணவில்லை.

“இதுக்கு மேல போகாது சார். நிலையம் ரெண்டு கிலோமீட்டர்தான், நடந்துருங்க” என்றார் கண்டக்டர்.

“வேற வண்டி வராதா?”

“இருக்கிறதே நிலையத்து ஜீப் ஒண்ணுதான். அது காலையிலேயே மேல போயிருக்கும்.” கண்டக்டர் குரலைத் தாழ்த்தினார். “போன வருஷம் இங்க ஒரு லாரி உருண்டுச்சு. அதோட விளக்கு மட்டும் இன்னும் ரோட்ல சுத்துதாம். நான் பார்த்ததில்ல. பார்த்தவங்க யாரும் திரும்பி வந்து சொல்லவும் இல்ல.”

அவருடைய பெட்டியை இறக்கும்போது கண்டக்டருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. “உள்ள என்ன சார், பாறாங்கல்லா?”

“தையல் மெஷின்.”

“சம்சாரத்தைப் பார்க்கப் போறேன்னு சொன்னீங்களே, ரவிக்கை தைக்கப் போறீங்களா?”

பஸ்ஸே சிரித்தது. சாரலுக்குப் போர்த்திக்கொள்ள வெள்ளை பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றைக் கண்டக்டர் கொடுத்தார். பஸ் பின்னோக்கியே ஊர்ந்து மறைந்தது. அவர் விரிப்பைப் போர்த்திக்கொண்டு பெட்டியோடு நடந்தார்.

மணி மூன்றுதான். ஆனாலும் நீட்டிய கை வேறு யாருடையதோ போலத் தெரிந்தது. மரங்களிலிருந்து சொட்டிய தண்ணீர், பின்னால் யாரோ வெறுங்காலோடு நடப்பது போல் கேட்டது. திரும்பிப் பார்த்தார்.

இரண்டு மஞ்சள் விளக்குகள்.

அவர் நின்றார். அவையும் நின்றன. அவர் நடந்தார். அவையும் மெல்ல உறுமிக்கொண்டு நகர்ந்தன. ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார். அவையும் அவரோடு ஓரமாக ஒதுங்கின.

ஒரு ஹாரன் இல்லை. ஒரு பேச்சு இல்லை. நனைந்த சட்டைக்குள் அவருக்கு வியர்த்தது. பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தார். விளக்குகளும் வேகமெடுத்தன. ஐம்பது அடி போவதற்குள் மூச்சு வாங்கியது. நடு ரோட்டில் பெட்டியைப் போட்டுவிட்டு, கண்களை இறுக மூடி, கைகூப்பினார்.

“ஐயா லாரி! என்னை எங்க வேணா கூட்டிட்டுப் போ, வர்றேன். ஒரே ஒரு மணி நேரம் குடு. மேல என் பொண்டாட்டி இருக்கா. அவகிட்ட ஒண்ணு கேட்கணும். மூணு வருஷமா கேட்காம வச்சிருக்கேன்!”

உறுமல் நின்றது. கதவு திறக்கும் சத்தம்.

“என்னண்ணே, திடீர்னு நின்னுட்டீங்க?” ஜீப் டிரைவர் இறங்கி வந்தார். “உங்க முதுகை நம்பித்தானே வண்டியே ஓட்டறேன்! பனி இறங்கினா வெள்ளையைப் போர்த்திக்கிட்டு ஒரு ஆள் முன்னாடி நடந்து வழி காட்டறது இங்க வழக்கம். உங்களை நிலையத்துலேர்ந்து அனுப்பின ஆளுன்னுல்ல நினைச்சேன். காலையிலேர்ந்து கீழேயே மாட்டிக்கிட்டுக் கிடந்தோம்.”

ஜீப்பின் மறுபக்கக் கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் இறங்கினாள். பனிக்குள் முகம் தெரிய நேரமானது. ஞாயிறுதோறும் போனில் கேட்ட மனைவியின் செருமல் மட்டும் உடனே தெரிந்தது.

“நீங்களா?” என்றாள். கூப்பியபடியே இருந்த அவர் கைகளைப் பார்த்தாள். சிரிக்க நினைத்து முடியாமல் தலையைக் குனிந்துகொண்டாள். “உங்க அக்கா நேத்தே போன்ல சொல்லிட்டாங்க. வேலையை விட்டுட்டு வீட்டுக்கு வான்னு கேட்கத்தானே வந்தீங்க? என்னால முடியாதுங்க.”

“அது அக்கா கேட்கச் சொன்னது.”

“அப்போ நீங்க கேட்க வந்தது?”

“இங்க மூடுபனி...” என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்துவிட்டு நிறுத்தினார். டிரைவர் நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தையல்காரர் நடு ரோட்டில் கிடந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

“கடையைக் காலி பண்ணிட்டேன். நானும் இங்கயே உன்கூட இருந்துக்கட்டுமா?”