பட்டியலில் இருக்கும் வீடு

“அப்ப நான் நடந்துட்டா நீ வரமாட்ட, அதானே?”

“நான் பாஸாயிருவேன்க்கா. உங்க வீட்டைப் பட்டியல்லேருந்து எடுத்துருவாங்க. அடுத்த தெருவுல நாலு வீடு காத்துக்கிட்டிருக்கு.”

பக்கவாதத்தில் விழுந்த சகாயராணிக்குப் பல்கலைக்கழகம் ஒதுக்கிய மாணவி நிலானி. ஒருவரை நடக்க வைத்தால்தான் அங்கே பட்டம்; தேர்வு அறைகளை எப்போதோ மூடிவிட்டார்கள். பத்து மாதமாக நிலானி வந்து கால் பிடித்துவிட்டாள்; மீன் குழம்பில் உப்பு கூட என்று வம்புக்கும் இழுத்தாள். அவள் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் சகாயராணிக்கு இருப்புக்கொள்ளாது. ஜன்னலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டே இருப்பாள். அவளால் நடக்க முடிந்து மூன்று வாரமாயிற்று. யாரிடமும் சொல்லவில்லை.

நடந்து காட்ட இன்றுதான் கடைசி நாள். சுவரில் பல்கலைக்கழகம் பொருத்திய, இந்த ஒரு நாளுக்கு மட்டுமே இயங்கும் கேமரா விழித்துக்கொண்டது.

“இன்னிக்கு விட்டா நான் திரும்ப முதல் வருஷத்துல உக்காரணும்க்கா.” நிலானியின் நகங்கள் கடித்துக் கடித்துச் சிவந்திருந்தன.

சேலைக்குள் சகாயராணியின் வலது பாதம் துறுதுறுத்தது. இடது பாதத்தை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.

நிலானி வாசலருகே போய் நின்று இரண்டு கைகளையும் நீட்டினாள்.

“ஒரே ஒரு தடவ, எங்கிட்ட நடந்து வாங்களேன்க்கா.”