இரண்டாம் தீ

அப்பாவின் சாம்பலைக் கடலில் கரைத்துவிடலாம் என்றுதான் அம்மா சொன்னாள். தேன்மொழி கேட்கவில்லை. "மேலே அனுப்பிட்டா தினமும் பார்க்கலாம்மா" என்று பிடிவாதம் பிடித்து, வெயில் பட்டால் மின்னும் தகடு பொருத்திய சிறு சிமிழில் அடைத்து விண்வெளிக்கு அனுப்பினாள். அன்றிலிருந்து அந்தி சாய்ந்தால் அம்மா மொட்டை மாடிக்கு வந்துவிடுவாள். வானத்தில் நகரும் அந்தப் புள்ளியிடம் வீட்டுக் கதையெல்லாம் சொல்வாள்.

இப்போது மேலேயும் குப்பை பெருகிவிட்டது. ஆட்கள் இருக்கும் விண்வெளி நிலையத்தின் பாதையில் சிமிழ் குறுக்கிடுவதால், அதைக் கீழே தள்ளி எரித்துவிடப் போவதாகத் தகவல் வந்தது.

"ஏற்கெனவே எரிச்ச மனுஷனை மறுபடியுமாடி?"

அந்த நாளும் வந்தது. "இன்னிக்கு மட்டும் மாடிக்கு வராதேம்மா" என்று தேன்மொழி கெஞ்சினாள். அம்மா வந்தாள்.

தெற்கு வானில் ஒரு நெருப்புக் கோடு ஓடி அணைந்தது. பக்கத்து மாடியில் பிள்ளைகள் கைதட்டினார்கள். அப்பாவை விட்டுவிட மனமில்லாமல் போனது தனக்குத்தான், அம்மாவுக்கல்ல என்று தேன்மொழிக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மாவின் கையைப் பிடித்தாள். அம்மா விலக்கவில்லை.

"பொம்பளைங்க சுடுகாட்டுக்கு வரக்கூடாதுன்னு அன்னிக்குத் தெருமுனையிலேயே என்னை நிறுத்திட்டாங்க" என்றாள். "அவர் எரியறதை நான் பார்க்கலைங்கிற ஒரு நிம்மதியாவது இருந்துச்சுடி."