பக்கத்தில் ஒரு சிப்பி

பவளத்திட்டில் பெரிய சிப்பி ஒன்று தனியாக இருந்தது. மற்றவற்றையெல்லாம் தீவுக்காரர்கள் கறிக்கு எடுத்துவிட்டார்கள். ஆண்டுதோறும் அது முட்டைகளைக் கடலில் விடும். துணை இல்லாததால் ஒன்றும் பொரியாது.

ஒருநாள் ஊர்ப் பெண்கள் மூழ்கி வந்து அதைத் தூக்கினார்கள். ஓட்டுக்குள் குடியிருந்த இறாலிடம், "நீயாவது தப்பிச்சுப் போ" என்றது சிப்பி.

"இத்தனை நாள் உன் வீட்டுல இருந்துட்டு இப்போ எங்கே போவேன்?" என்றது இறால்.

பெண்கள் கரைக்குப் போகவில்லை. இங்கே எதையும் பிடிக்கக் கூடாது என்று ஊர் கூடி மூங்கில் நட்டிருந்த இடத்தில் அதை மெல்ல இறக்கினார்கள்.

நெடுநேரம் கழித்துச் சிப்பி லேசாகத் திறந்தது.

"பயப்படாதே. நேத்து வேற திட்டுலேர்ந்து என்னைக் கொண்டுவந்தப்போ நானும் இப்படித்தான் நடுங்கினேன்" என்றது பக்கத்திலிருந்த இன்னொரு சிப்பி.

புதிதாக வந்த சிப்பி ஓட்டை நன்றாகத் திறந்தது. "இன்னும் கொஞ்சம் பேசு" என்றது.