கேட்டில் ஒரு தராசு

"அக்கிரமம்டி! தராசையே பிடுங்கிட்டுப் போயிடுச்சு அந்த ஆசிட்!"

குருவி மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னதும் கேப்டன் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

ஆசிட் என்றால் கெமிஸ்ட்ரி டீச்சர். பட்டப்பெயர் வைத்த புண்ணியவான் யாரோ, கச்சிதமாக வைத்திருந்தான். அவர் வராந்தாவில் வந்தாலே பேச்சு ஆவியாகிவிடும்.

"ஐயையோ, எங்க அம்மாவோட சமையல் தராசுடி அது! என்ன சொல்லிச்சு?"

"'படிக்கிற பிள்ளைங்களுக்கு கேட்டுல என்ன காய்கறிக் கடை?'ன்னு ஒரே கத்தல். நாளைக்குச் சாயங்காலம் ஸ்கூல் கமிட்டி மீட்டிங். இப்ப போய் இப்படிப் பண்ணுதே!"

எல்லாம் குருவியால் ஆரம்பித்ததுதான். போன பரீட்சையின்போது அவளுக்கு நீர்க்கடுப்பு, கூடவே குளிர்காய்ச்சல். பாதிப் பரீட்சை எழுதவில்லை. "தண்ணியே குடிக்க மாட்டியாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

குடித்தால் போகணுமே! பள்ளியில் பையன்களுக்குக் கழிப்பறை பளபளவென்று இருந்தது. பெண்கள் பக்கம் இருந்த ஒன்றே ஒன்றில் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, குழாயில் சொட்டுத் தண்ணீர் கிடையாது.

"உனக்கு மட்டும்தானா, இல்ல எல்லாருக்குமான்னு கண்டுபிடிச்சே தீரணும்" என்று கிளம்பினாள் கேப்டன். காலையில் கேட்டிலேயே எல்லோருடைய தண்ணீர் பாட்டிலையும் எடை போடுவது. சாயங்காலம் அதே பாட்டிலை மறுபடி போடுவது. அவ்வளவுதான் ஆராய்ச்சி.

பையன்களின் பாட்டில் காலியாகத் திரும்பியது. பெண்களின் பாட்டில் வந்தது வந்தபடியே திரும்பியது. கேப்டன் துள்ளிக் குதித்தாள்.

"மாட்டிக்கிச்சுடி! கையும் களவுமா மாட்டிக்கிச்சு!"

"டீச்சருங்க பாட்டிலையும் போட்டுப் பார்க்கலாமா?" என்று குருவிதான் அன்றைக்குக் கேட்டாள்.

"போடலாமே. ஆசிட்கிட்ட போய் 'பாட்டிலைக் கொடுங்க'ன்னு நீ கேளு."

பூனைக்கு யார் மணி கட்டுவது? அந்தப் பேச்சு அதோடு போச்சு.

தராசு இல்லாமல் வீட்டுக்குப் போன கேப்டன், அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். அழுகையை விட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. ஆசிட்டும் ஒரு பொம்பளைதானே, கொஞ்சமாவது ஈரம் வேண்டாமா?

மறுநாள் மீட்டிங். பிள்ளைகள் தரப்பில் பேச கேப்டனையும் குருவியையும் கூப்பிட்டிருந்தார்கள். இந்த வருஷம் கமிட்டியின் கையில் இருந்த பணத்தில் ஒரே ஒரு வேலைதான் ஆகும். ஒன்று, பெண்கள் கழிப்பறை. இல்லையென்றால் பள்ளி வாசலில் அலங்கார வளைவு. கமிட்டித் தலைவருக்கு மனசெல்லாம் வளைவில்தான். அவர் பெயரைப் பெரிசாகப் போடுவார்களே!

கேப்டன் எழுந்தாள். பேச ஆரம்பித்த பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. குருவியின் காய்ச்சல், தாழ்ப்பாள் இல்லாத கதவு, குறையாத பாட்டில்கள் என்று மளமளவென்று கொட்டித் தீர்த்தாள். சாய்ந்து உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவள் பேசி முடித்து உட்கார்ந்ததும், மேஜைக்கு அடியில் குருவி அவள் கையைக் கிள்ளினாள். ஜெயிச்சாச்சு!

தலைவர் சிரித்தார்.

"நல்லாத்தான் பேசுறேம்மா. ஆனா இதெல்லாம் சின்னப் பிள்ளை விளையாட்டு. வீட்டுக்குப் போற வழியில குடிக்கலாம்னு நீங்களே சாயங்காலம் பாட்டிலை ரொப்பியிருப்பீங்க."

"சத்தியமா இல்ல சார்!"

"சரி, இத்தனை லேடி டீச்சருங்க இருக்காங்க. ஒருத்தராவது வந்து எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னாங்களா? நிஜமாவே கஷ்டம்னா பெரியவங்க சொல்லாம இருப்பாங்களா?"

நிமிர்ந்தவர்கள் எல்லாம் திரும்பவும் சாய்ந்துகொண்டார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. ஆசிட்! கையில் அந்தத் தராசு.

"செத்தோம்டி" என்று முணுமுணுத்தாள் குருவி. "எரியிற நெருப்புல எண்ணெய் ஊத்த வந்துடுச்சு."

டீச்சர் நேராக வந்து தராசைத் தலைவர் முன்னால் வைத்தார்.

"சார், இந்தப் பிள்ளைங்க கணக்குல ஒரு தப்பு இருக்கு."

தலைவர் முகத்தில் ஆயிரம் விளக்கு எரிந்தது. "நான் அப்பவே நினைச்சேன்! சொல்லுங்க டீச்சர், எல்லாரும் கேக்கட்டும்."

"பெண்கள்ல பிள்ளைங்களை மட்டும்தான் கணக்குல எடுத்திருக்காங்க. பெரியவங்களை விட்டுட்டாங்க."

கைப்பையைத் திறந்து ஒரு ஸ்டீல் பாட்டிலை எடுத்துத் தராசில் வைத்தார். முள் விறுவிறுவென்று ஏறி நின்றது.

"இது என் பாட்டில். காலையில முள் எங்க நின்னுச்சோ, இப்பவும் அங்கேயேதான் நிக்குது. நாங்களும் அதே கழிப்பறைக்குத்தான் சார் போகணும். வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து இப்படித்தான். வெளியில சொல்ல வெட்கம். நேத்து இதுங்க கேட்டுல கூச்சப்படாம எடை போட்டுக்கிட்டு நின்னதைப் பார்த்ததும் கோபம்தான் வந்தது. தராசைக் கொண்டுபோய் மேஜையில வெச்ச பிறகுதான், அது யார் மேல வந்த கோபம்னு புரிஞ்சுது."

கேப்டன் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஒரே ஒரு ஆளைக் கேட்டிருந்தால் போதுமே, பயந்துகொண்டு விட்டோமே!

தலைவர் நெளிந்தார். "அது வந்து டீச்சர்... நீங்க ஒருத்தர் சொல்றீங்கங்கிறதுக்காக..."

"ஒருத்தரா?" என்று திரும்பினார் டீச்சர். "கேப்டன், எழுந்து வந்து எடை போடும்மா. எல்லாரும் எவ்வளவு நேரம் காத்திருப்பாங்க?"

கேப்டன் வாசலைப் பார்த்தாள். லேடி டீச்சர்கள் அத்தனை பேரும் அங்கே ஆளுக்கொரு பாட்டிலோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.